விசுவாசத்தைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது? கொங்கு நாட்டில் புதிய கத்தோலிக்கருக்கு ஒரு வழிகாட்டி

கொங்குப் பக்கம் ஒருவரைப் புதிதாகச் சந்தித்தால் முதலில் ஊரைக் கேட்பார்கள். பேச்சு கொஞ்சம் நெருங்கியதும் குலதெய்வம் எது என்று கேட்பார்கள். கேட்பவருக்கு அது வெறும் விசாரிப்புதான். ஆனால் போன ஈஸ்டருக்குத் திருமுழுக்குப் பெற்ற ஒருவருக்கு அந்தக் கேள்வியிலேயே நாக்கு ஒட்டிக்கொள்கிறது. கத்தோலிக்கக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு வந்தவருக்கும் இதே சங்கடம் உண்டு. ஊரே கத்தோலிக்கராக இருக்கும் கடற்கரைக் கிராமத்திலிருந்து பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் வந்தவருக்கோ, ஒருவர் வந்து இதைப் பற்றிக் கேள்வி கேட்பதே புது அனுபவம். இந்த மூன்று பேரையும் மனதில் வைத்தே எழுதுகிறேன்.

தூய பேதுரு தன் முதல் திருமுகத்தின் மூன்றாம் அதிகாரத்தில், நம்பிக்கையைப் பற்றி யார் கேட்டாலும் பதில் சொல்ல ஆயத்தமாக இருங்கள் என்கிறார். பணிவோடும் மரியாதையோடும் சொல்லுங்கள் என்று அதே இடத்திலேயே சேர்த்தும் சொல்கிறார். முதல் பாதியை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் நம்மில் நிறையப் பேர்.

முதல் படி: உங்களுக்கு முதலில் தெரியட்டும்

ஞாயிறு பூசையில் வேகமாகச் சொல்லிவிடும் விசுவாசப் பிரமாணத்தை ஒரு நாள் வீட்டில் உட்கார்ந்து வரி வரியாகப் படியுங்கள். ஒவ்வொரு வரிக்கும் "இதற்கு என்ன பொருள்?" என்று உங்களையே கேளுங்கள். பதில் வராத வரிகளை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் பாடத்திட்டம் அதுதான்.

அடுத்து மாற்கு நற்செய்தி. பதினாறே அதிகாரம், இரண்டு மாலையில் முடித்துவிடலாம். விவிலியம் வாங்கும்போது எழுபத்து மூன்று நூல்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிரிந்த சபைகளின் (புராட்டஸ்டன்ட் சபைகளின்) பைபிளில் அறுபத்தாறுதான் இருக்கும். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து உழைத்தது, படிக்கவும் எளிது.

மூன்றாவது, 1992இல் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல். விசுவாசம், அருளடையாளங்கள், ஒழுக்க வாழ்வு, செபம் என்று நான்கு பாகம். முதலிலிருந்து கடைசி வரை படித்தே ஆக வேண்டும் என்றில்லை. 2005இல் கேள்வி பதில் வடிவில் ஒரு சுருக்கமும் வந்தது, தொடங்குபவருக்கு அதுவே போதும். யூடியூபில் இரண்டு பேர் மாறி மாறிக் கத்தும் விவாதங்களை ஆரம்பத்தில் தள்ளியே வையுங்கள். அவற்றைப் பார்த்தால் கோபம் வருகிறது, பாடம் ஏறுவதில்லை.

இரண்டாம் படி: கேட்பவர் யார் என்று பாருங்கள்

புதியவர்கள் பலரும் தவறவிடுவது இதைத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கேள்வி ஒன்றாகவே இருக்கும், கேட்கும் மனம் வேறாக இருக்கும்.

கோவை புலியகுளம் அந்தோனியார் கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை அங்கே வருபவர்களில் எல்லா மதத்தாரும் உண்டு. அங்கே இருக்கும் அந்தோனியார் சுரூபத்தை, அதாவது சிலையை, பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார்: "நீங்களும் எங்களாட்டந்தான் சாமி செலை வச்சுக் கும்புடறீங்க, எல்லாம் ஒண்ணுதானுங்களே?" அதே சுரூபத்தைப் பார்த்து, கம்பெனியில் பக்கத்து மெஷினில் தைக்கும் பெந்தெகொஸ்தே சகோதரர் கேட்கிறார்: "விக்கிரக ஆராதனை பாவம்னு யாத்திராகமம் இருபதுல இருக்குதே, நீங்க படிச்சதில்லீங்களா?" ஒருவர் நம்மை அன்போடு சேர்த்துக்கொள்ளப் பார்க்கிறார், மற்றவர் நம்மைத் திருத்தப் பார்க்கிறார். இருவருக்கும் ஒரே பதிலைச் சொன்னால் இருவருக்குமே அது பொருந்தாது.

அக்காவுக்கு விவிலிய வசனம் எதற்கு? "சுரூபத்துக்குள்ள சாமி இருக்கறதா நாங்க நம்பறதில்லீங்கக்கா. அந்தோனியார் கடவுளும் இல்லை. கடவுளுக்குப் பிரியமா வாழ்ந்து போன மனுசன். எங்களுக்காகக் கடவுள்கிட்டச் சொல்லுங்கன்னு அவரைக் கேட்டுக்கறோம்." இவ்வளவு போதும். அவர் கும்பிடுவதைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டியதில்லை. மற்ற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாய் இருக்கும் எதையும் திருச்சபை தள்ளுவதில்லை என்று உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கமே 1965இல் அறிவித்திருக்கிறது.

சகோதரருக்கு வசனத்தோடுதான் பேச வேண்டும். சிலை செய்யாதே என்று யாத்திராகமம் (பொது மொழிபெயர்ப்பில் விடுதலைப் பயணம்) இருபதில் சொன்ன அதே கடவுள், இருபத்தைந்தாம் அதிகாரத்தில் உடன்படிக்கைப் பேழைமேல் இரண்டு கெருபுகளை, அதாவது வானதூதர் உருவங்களை, பொன்னால் செய்து வைக்கச் சொல்கிறார். பாலைவனத்தில் மோசே வெண்கலப் பாம்பைச் செய்ததும் அவர் சொல்லித்தான். ஆக, உருவம் செய்வதே பாவம் என்றால் கணக்கு உதைக்கிறது. உருவத்துக்குக் காட்டும் மரியாதை அந்த உருவம் யாரைக் காட்டுகிறதோ அவரையே சேரும், ஆராதனை கடவுள் ஒருவருக்கு மட்டுமே என்பதை 787இல் நடந்த இரண்டாம் நிசேயா சங்கம் தீர்த்துச் சொன்னது.

இதோடு இன்னொன்றையும் நாமாகவே சொல்லிவிடுவது நல்லது. பிற்காலத்தில் மக்கள் அந்த வெண்கலப் பாம்புக்கே தூபம் காட்டத் தொடங்கியபோது எசேக்கியா அரசர் அதை உடைத்துப் போட்டார். அரசர்கள் இரண்டாம் நூல் பதினெட்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. சகோதரரின் பயத்துக்கும் காரணம் இல்லாமல் இல்லை. நம் கோயில்களிலும் சுரூபத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நற்கருணைப் பேழைப் பக்கம் திரும்பாமலே போகிறவர்கள் உண்டு. இதை ஒப்புக்கொண்டால் பேச்சு இளகுகிறது.

இன்னொரு வகை ஆளும் உண்டு: வீட்டுப் பிள்ளையே கேட்பது. சரவணம்பட்டியில் ஐ.டி. வேலைக்குப் போகும் மகனோ மகளோ, "கடவுள் இருக்கார்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டால், சுரூபத்தைப் பற்றிய எந்தப் பதிலும் அங்கே உதவாது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

மூன்றாம் படி: அடிக்கடி வரும் கேள்விகளுக்கு ஆயத்தம்

மாதாவும் மாரியம்மனும் அக்கா தங்கச்சி என்று நம் பக்கம் பாசமாகச் சொல்பவர்கள் உண்டு. சிரித்துக்கொண்டே, "மாதா கடவுள் இல்லீங்க, இயேசுவைப் பெத்த அம்மா" என்று சொன்னால் ஆயிற்று. 431இல் எபேசு சங்கம் அவரைக் கடவுளின் தாய் என்று அழைத்ததும், அவர் வயிற்றில் பிறந்த இயேசு கடவுள் என்பதைக் காப்பதற்காகத்தான். பிரிந்த சபையார் கேட்டால், அருள் நிறைந்த மரியே செபத்தின் முன்பாதி லூக்கா நற்செய்தி முதல் அதிகாரத்திலிருந்து வந்தது என்று எடுத்துக் காட்டுங்கள். வானதூதர் சொன்ன வாழ்த்தும் எலிசபெத் சொன்ன வாழ்த்தும் அதில் இருக்கின்றன. கானாவூர்க் கல்யாணத்தில் மாதா பணியாளரிடம் சொன்னது "அவர் உங்களுக்குச் சொல்வதெல்லாம் செய்யுங்கள்" என்பதே. கருமத்தம்பட்டி ஜெபமாலை அன்னை ஆலயத்துக்கு அக்டோபரில் திருவிழாவுக்குப் போகிறவர்கள் இந்த ஒரு வரியைத் தெரிந்து வைத்திருந்தால் வழியில் கேட்பவருக்குச் சொல்லலாம்.

"எல்லாத்துக்கும் பைபிள்ல ஆதாரம் காட்டுங்க" என்பது அடுத்தது. காட்ட முடிந்ததைக் காட்டுங்கள். ஆனால் எந்தெந்த நூல் விவிலியம் என்ற பட்டியல் விவிலியத்துக்குள் எங்கேயும் இல்லை. 393இல் ஹிப்போவிலும் 397இல் கார்த்தேஜிலும் கூடிய ஆயர்கள் அந்தப் பட்டியலைச் சொன்னார்கள், 1546இல் திரிதெந்து சங்கம் அதை உறுதி செய்தது. புத்தகத்தைக் கையில் கொடுத்த திருச்சபையையும் கொஞ்சம் நம்பத்தான் வேண்டியிருக்கிறது.

குருவிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தைப் பற்றிக் கேட்டால் யோவான் நற்செய்தி இருபதாம் அதிகாரம், நற்கருணைக்கு அதே நற்செய்தி ஆறாம் அதிகாரம். இரண்டையும் ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். பாப்பரசர் சொல்வதெல்லாம் தவறாதது என்று நாம் நம்புவதாகப் பலர் நினைக்கிறார்கள். 1870இல் முதல் வத்திக்கான் சங்கம் வரையறுத்தது மிகக் குறுகலான ஒன்று. விசுவாசம், ஒழுக்கம் பற்றி முழுத் திருச்சபைக்கும் இறுதித் தீர்ப்பாக அவர் அறிவிக்கும்போது மட்டும்தான் அது பொருந்தும். அதன்பின் அப்படி அறிவித்தது 1950இல், மாதாவின் விண்ணேற்பைப் பற்றி. ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றிவிட்டுப் பூசைக்குப் போகிறோமே, அந்தத் திருநாள்தான்.

கோயமுத்தூருக்குப் புதிதாக வந்தவர்கள் கேட்பது வேறு ஒன்று: பெரிய கடை வீதி மிக்கேல் அதிதூதர் பேராலயத்தில் ஒருவிதப் பூசை, திருச்சி சாலை ராமநாதபுரத்தில் வேறுவிதப் பூசை, இரண்டும் கத்தோலிக்கமா? ஆமாம். முன்னது இலத்தீன் முறை, பின்னது கேரளத்து சீரோ மலபார் முறை. பாப்பரசர் ஒருவரே.

நான்காம் படி: குலதெய்வமும் பிரசாதமும்

குலதெய்வம் கேட்டால் சுற்றி வளைக்காதீர்கள். "நாங்க வேதக்காரங்க, குலதெய்வம்னு தனியாக் கும்புடறதில்லீங்க" என்றால் எதிரே இருப்பவர் "அப்படீங்களா" என்று அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார். குடும்பத்தில் நீங்கள் ஒருவர் மட்டும் திருமுழுக்குப் பெற்றவராக இருந்தால்தான் உண்மையான கஷ்டம். கெடா வெட்டுக்கும் பேரப்பிள்ளை காதுகுத்துக்கும் போகாவிட்டால் அம்மா அழுவார், போனால் மனசு அடித்துக்கொள்ளும்.

தூய பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகம் எட்டு முதல் பத்து வரையுள்ள அதிகாரங்களை அப்போது படியுங்கள். இதே சிக்கலில் இருந்தவர்களுக்குத்தான் அவர் எழுதினார். சிலைக்குத் தனியாகச் சக்தி ஏதும் இல்லை, அதனால் பயப்பட வேண்டியதில்லை என்கிறார். விருந்துக்குக் கூப்பிட்டால் போய், வைத்ததைக் கேள்வி கேட்காமல் சாப்பிடுங்கள் என்கிறார். ஆனால் இது படைக்கப்பட்டது என்று ஒருவர் எடுத்துச் சொன்னால், சொன்னவரின் மனசாட்சிக்காக அதை விட்டுவிடுங்கள் என்கிறார். உறவுக்காரராக உடன் இருப்பது ஒன்று, வழிபாட்டில் பங்கெடுப்பது இன்னொன்று. கோடு எங்கே என்பது வீட்டுக்கு வீடு மாறும், அதனால் உங்கள் வீட்டு நிலைமையைப் பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மறுக்கிற விதம் முக்கியம். நம் பக்கம் "வேண்டாம்" என்ற ஒற்றைச் சொல் சுடும். வாங்கிக்கொண்டு போய் மூலையில் வைப்பதும் நாகரிகம் இல்லை, கண்டுபிடித்தால் இரட்டிப்பு வருத்தம். "படைச்சதுன்னா நான் எடுத்துக்கறதில்லீங்கக்கா, தப்பா நெனைச்சுக்காதீங்க. ஒரு காப்பி குடுங்க, குடிச்சுட்டுப் போறேன்" என்று உட்கார்ந்துவிடுங்கள். உட்காருவதில்தான் உறவு இருக்கிறது.

ஐந்தாம் படி: "வெள்ளைக்காரன் மதம்தானே?"

இது நானூறு வருடத்துப் பழைய கேள்வி. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி என்ற இத்தாலியக் குருவை, தத்துவ போதகர் என்று பெயர் பெற்றவரையே, "பரங்கி மார்க்கம்" என்று சொல்லித்தான் எதிர்த்தார்கள். அவர் தமிழும் வடமொழியும் கற்று, சந்நியாசிபோல் வாழ்ந்து, தமிழிலேயே பதில் எழுதினார். நம் மேல் சொல்லப்படும் பழிகளுக்கு மறுப்பாக அவர் எழுதிய நூலின் பெயரே தூஷண திக்காரம். 1620களில் அவர் சேந்தமங்கலம், சேலம் பக்கமும் வந்து போதித்தார். கோயமுத்தூர்ச் சீமை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியார் கைக்குப் போனது 1799இல் திப்பு வீழ்ந்த பிறகு. ஆங்கிலேயர் ஆட்சி வருவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் முன்னரே கொங்கில் கத்தோலிக்க விசுவாசம் பேசப்பட்டிருக்கிறது. பின்னால் பிரெஞ்சுக் குருக்கள் வந்தார்கள், கோவை 1886இல் மறைமாவட்டம் ஆனது, சேலம் 1930இல் ஆனது. வெளிநாட்டார் பங்கு இல்லவே இல்லை என்று சொல்ல வேண்டாம், இருந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. கரூரிலும் பொள்ளாச்சிப் பக்கமும் ரோமானியக் காசுகள் கிடைத்திருக்கின்றன. அதைக் காட்டி, அந்தக் காலத்திலேயே கிறிஸ்தவமும் கொங்குக்கு வந்துவிட்டது என்று வாதாடுகிற ஆர்வக்காரர்கள் இருக்கிறார்கள். காசு வணிகத்துக்குத்தான் சாட்சி. விசுவாசத்துக்கு ஆதரவாக நொண்டிக் காரணங்களைக் கொண்டுவந்தால், விசுவசியாதவர்கள் அதற்காகத்தான் நாம் நம்புகிறோம் என்று எண்ணிச் சிரிப்பார்கள் என்று இறையியல் அறிஞரான தூய தாமஸ் அக்வினாஸ் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே எச்சரித்தார்.

மதமாற்றம் பற்றிய பேச்சு வந்தால் குரலைத் தாழ்த்துங்கள். அரசியல் சட்டத்தின் 25ஆம் பிரிவு ஒருவர் தன் சமயத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. பொது ஒழுங்கு, நல்லொழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டே அந்த உரிமை. விசுவாசத்தை யார் மீதும் திணிக்கக் கூடாது என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் சொல்லிவிட்டது. அரிசிக்கும் பணத்துக்கும் ஆள் சேர்ப்பதை நாமும் ஏற்கவில்லை என்று நேராகவே சொல்லலாம்.

ஆறாம் படி: வீட்டுப் பிள்ளையின் கேள்வி

அறிவியலும் விசுவாசமும் மோதுகின்றன என்றுதான் பள்ளிக்கூடத்திலிருந்தே பிள்ளைகள் கேட்டு வளர்கிறார்கள். வேளாண் பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளைக்கு மெண்டலின் பட்டாணிச் செடி தெரியும். மெண்டல் ஒரு அகஸ்தீனார் சபைத் துறவி என்பது தெரிந்திருக்காது. பெருவெடிப்புக் கொள்கைக்கு வித்திட்ட ஜார்ஜ் லெமெத்ர் பெல்ஜியத்துக் கத்தோலிக்கக் குரு. பிரபஞ்சம் விரிகிறது என்று 1927இல் எழுதினார். இதில் நான் மிகவும் ரசிப்பது பின்னால் நடந்ததைத்தான். 1951இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பயஸ் இந்தக் கொள்கை படைப்புக்குச் சான்று என்பதுபோல் பேசியபோது, லெமெத்ருக்கு அது பிடிக்கவில்லை. அறிவியலை அதன் போக்கில் விட வேண்டும் என்பது அவர் எண்ணம். பாப்பரசரைவிடக் கவனமாக இருந்த அந்தக் குருவைப் பற்றிப் பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள்.

கலிலியோ பெயர் கட்டாயம் வரும். 1633இல் அவரைத் தண்டித்தது தவறு, 1992இல் இரண்டாம் யோவான் பவுல் அதை ஒப்புக்கொண்டார் என்று சொல்லிவிடுங்கள். கடவுள் இருக்கிறாரா என்ற கேள்விக்கு ஒரே இரவில் பதில் சொல்லி முடிக்கப் பார்க்காதீர்கள். பிள்ளை ஏன் இப்போது கேட்கிறது என்று கேளுங்கள். பல சமயம் பின்னால் ஒரு சாவோ, ஏமாற்றமோ, கோயிலில் யாரோ நடந்துகொண்ட விதமோ இருக்கும்.

ஏழாம் படி: தற்காக்கக் கூடாதவை

"உங்க கோயில்ல சாதி இல்லீங்களா?" இதற்கு "இல்லை" என்று சொல்பவர் பொய் சொல்கிறார். தனிக் கல்லறையும் தனி வரிசையும் தமிழகத் திருச்சபையில் இருந்த கதை எல்லாருக்கும் தெரியும். திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு கடுமையான பாவம் என்று இந்திய ஆயர்களே சொல்லி, 2016இல் தலித் மக்களின் மேம்பாட்டுக்கான கொள்கையையும் வெளியிட்டார்கள். தாள் அளவிலிருந்து அது பங்கு அளவுக்கு இறங்கியாக வேண்டும்.

குருக்கள் சிலர் சிறுவர்களுக்குச் செய்த கொடுமையைப் பற்றிக் கேட்டாலும் இப்படித்தான். "மத்த இடத்துலயும் நடக்குதே" என்று மட்டும் சொல்லாதீர்கள். பாதிக்கப்பட்ட ஒருவர் அங்கேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கலாம். நடந்தது பாவம், குற்றம், மறைத்ததும் குற்றம், போலீசுக்குப் போக வேண்டியது. இதைச் சொன்னால் விசுவாசத்துக்கு ஒரு குறையும் வராது.

எட்டாம் படி: இடமும் நேரமும்

எழவு வீட்டில் வாதாடாதீர்கள். கல்யாணப் பந்தியிலும் வேண்டாம். சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் சீண்டினால், "சாயங்காலம் டீக்கடையில பேசலாமுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள். உண்மையாகவே கேட்டவர் சாயங்காலம் வருவார், மற்றவர் வரமாட்டார்.

வாட்ஸ்அப் குழுவில் எவ்வளவு குறைவாக எழுதுகிறோமோ அவ்வளவு நல்லது. இரண்டு வரி விளக்கம் கொடுங்கள், அப்புறம் நேரில் கூப்பிடுங்கள். பதில் தெரியாவிட்டால் "தெரியலீங்க, கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி கேட்டு வந்து சொல்லவும் வேண்டும், அதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இன்னொன்று, திருப்பூரில் தொழில் நடத்துபவர்களுக்கு. உங்களிடம் வேலை செய்பவர் உங்கள் மதத்தைப் பற்றிக் கேட்கமாட்டார், சம்பளத் தேதியைப் பார்த்துக்கொள்வார். கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு திருமுகம் ஐந்தாம் அதிகாரம் சொல்கிறது. உழைப்பவருக்கு நியாயமான கூலி கொடுப்பது கடமை என்று பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ 1891இல் சுற்றுமடலே எழுதினார். சனிக்கிழமை கூலியை இழுத்தடித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மாதாவைப் பற்றி விளக்கினால் யார் காதில் ஏறும்?

குறித்து வைத்த கேள்விகளை எங்கே கொண்டுபோவது? ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குத்தந்தையைச் சுற்றிக் கூட்டம் இருக்கும், அப்போது போய் நின்றால் இரண்டு நிமிடம்தான் கிடைக்கும். வாரநாள் மாலைப் பூசைக்குப் போய், முடிந்தபின் கேளுங்கள். அன்பியம் எனப்படும் அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களின் கூட்டம் உங்கள் தெருவில் எந்தக் கிழமை என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். மறைக்கல்வி சொல்லித்தரும் சிஸ்டர்களிடம் பெரியவர்கள் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகியவர்கள் அவர்கள், எளிமையாக விளக்குவார்கள். பாதி நிறைந்த நோட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.